அனாமத்து

புதுவயல் அரிசி ஆலையில்
பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
அரிசிக்கும் தவிட்டுக்கும் உமிக்கும்
தனித்தனிப் பேரேடு.
வராத சரக்கை வரவு வைத்ததில்லை,
போகாத காசுக்குப் பற்று எழுதியதில்லை.

அதனால்தான் அன்று காலை
மீட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
இருநூற்று எழுபத்தொன்று.
முந்தின இரவு சாப்பிட்டது
ஒரு கோதுமைத் தோசை, அதிலும் பாதி.

டீயில் சர்க்கரை போட்டாயா என்று
மில்லில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள்,
திருட்டு நகைக்கு விசாரிப்பதுபோல.
செக்காலை ரோட்டு டாக்டரம்மா மட்டும்
நோட்டை மூடி வைத்துவிட்டு,
"தூங்கினீங்களா, கோமளவல்லி?" என்றார்.

தூக்கத்துக்கு என்னிடம் பேரேடு இல்லை.

பதிவுத் தபால் வந்திருந்தது.
கொழுந்தனார் வாங்கிய டிராக்டர் கடனுக்கு
ஜாமீன் போட்ட கை என்னுடையது.
டிராக்டர் எங்கே என்று தெரியாது.
கொழுந்தனார் எங்கே என்று தெரியும்,
சொல்லத்தான் முடியாது.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்னால்
கல்லீரல் வரைந்தார். கத்தரிக்காய் மாதிரி வந்தது.
பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகுமாம்.
வழிச்செலவுக்கு வேண்டுமே என்று
ஈரல் தன் பெட்டியைத் திறந்து
இருக்கிற சர்க்கரையை அள்ளி நீட்டுமாம்.
பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது.

நான் எங்கே ஓடினேன்?
அதே நாற்காலி, அதே மேசை,
ஃபேனுக்குக் கீழே படபடக்கும் அதே தபால்.
ஓடாத பயணத்துக்கு எடுத்த வழிச்செலவு
ரத்தத்தில் சும்மா சுற்றுகிறது.
இன்சுலின் வசூலுக்குப் போய்
வெறும் பையோடு திரும்புகிறது.

"நம்பர் பக்கத்துல காரணமும் எழுதுங்க" என்றார்.
கோடு போட எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

செவ்வாய் 188. ஒன்றுமில்லை.
புதன் 236. பேங்கிலிருந்து போன்.
சின்னப் பையன். மரியாதையாகத்தான் பேசினான்.
வியாழன் 240. போன் வரவில்லை. வருமோ என்று.
வெள்ளி, சனி: ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது.
ஞாயிறு 149. குன்றக்குடிப் படி ஏறினேன்.
போனை வீட்டில் மறந்திருந்தேன்.
திங்கள் 262. பள்ளத்தூரில் கல்யாணம்.
கந்தரப்பத்தை நான் தொடவில்லை.
எதிர்ப் பந்தியில் ஓரகத்தி
மூன்றாவதாக ஒன்று கேட்டு வாங்கினாள்,
புது வளையல் குலுங்க.

அன்றைக்கே சாயங்காலம் பேசினேன்.
மில் பின்பக்கம், நெல் அவியும் ஆவிக்குள் நின்று.
"போட்ட கையெழுத்து போட்டதுதான்.
மாசம் எவ்வளவு தருவீங்க, தேதி சொல்லுங்க."
அந்தப் பக்கம் ஒரு இருமல்.
பிறகு யாரையோ காபி கேட்கும் சத்தம்.
நானே போனை வைத்தேன்.

கை நடுங்கியது. ஊசி குத்திப் பார்த்தேன்.
இருநூற்று எண்பத்தொன்று!
மனசில் உள்ளதைக் கொட்டினால் குறையும் என்றார்களே,
கொட்டுவதற்கும் ஈரல் காசு எடுக்கிறது.

மாத்திரை போட்டேன். தண்ணீர் குடித்தேன்.
வாசலிலிருந்து எடைமேடை வரைக்கும்
போய்ப் போய் வந்தேன்.
லாரிக்காரன் ஒருவன் எதையோ தொலைத்தேனா என்றான்.

மறுநாள் காலை 163.
பணம் வரவில்லை. தேதியும் வரவில்லை.
கொழுந்தனார் போன் அணைந்திருக்கிறது.
தூங்கியிருக்கிறேன் போல,
பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனது தெரியவில்லை.

காரணம் என்ன எழுத?
இன்னாருடையது என்று தெரியாமல்
கல்லாவில் மிஞ்சும் காசை
மில்லில் அனாமத்தில் வைப்போம்,
யாராவது வந்து கேட்கும் வரைக்கும்.
அப்படியே எழுதினேன்.

எழுதும்போது விரல் நுனியிலிருந்து
ஒரு பொட்டு அந்தக் கட்டத்தில் விழுந்துவிட்டது.
கணக்கில் அழிக்கக் கூடாது.
காயட்டும் என்று
நோட்டைத் திறந்தே வைத்துவிட்டு
மில்லுக்குக் கிளம்பினேன்.